இலையுதிர்கால வாசனையுடன் புரதம் மிகுந்த இனிப்புக் கொறிப்புக் கலவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள வீட்டுச் சமையலறைகளை மனத்தில் வைத்து இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பட்டை, சுக்கு, ஜாதிக்காய் மணக்கும் இனிப்பான கொறிப்புக் கலவையைப் புரதம் குறையாமலும் நமுத்துப் போகாமலும் செய்வது எப்படி என்பதே இங்கே பேசப்படுவது.

நம் நாட்டில் இலையுதிர்காலமே இல்லையே, அதற்கென்று ஒரு வாசனை எப்படி வந்தது?

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்கள் இலையுதிர்காலம். அறுவடை முடிந்து பூசணியும் ஆப்பிளும் குவியும் அந்தப் பருவத்தில் அங்கே செய்யப்படும் பூசணிப் பலகாரங்களில் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற ஒரு வாசனைக் காய்) ஆகியவற்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். அமெரிக்காவின் மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் இவற்றை ஒரே பொடியாகக் கலந்து விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் அந்தப் பெயரில் ஒரு காப்பியைக் கொண்டுவந்த பிறகு 'பம்ப்கின் ஸ்பைஸ்' உலகம் முழுவதும் தெரிந்த வாசனையாகிவிட்டது. பெயரில் பூசணி இருந்தாலும் அந்தப் பொடியில் பூசணி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், குளிர்நாட்டு வாசனை என்று பெயர் வாங்கிய இந்த மசாலாக்களில் ஒன்றுகூடக் குளிர்நாட்டில் விளைவதில்லை. 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கைத் தன் வசப்படுத்திய சில ஆண்டுகளிலேயே, மொலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. பாலேக் பூலாவ் பகுதித் தோட்டங்களில் ஜாதிக்காய் இன்றும் காய்க்கிறது. நமக்கோ அதே மாதங்களில்தான் புரட்டாசி சனிக்கிழமைகளும் நவராத்திரியும் தீபாவளியும் வருகின்றன. சீன அண்டைவீட்டாரின் விளக்குத் திருவிழாவும் அப்போதுதான். கூடவே பினாங்கில் மழை மிகுந்து பெய்வதும் செப்டம்பர், அக்டோபரில்தான். இந்த மழை கொறிப்புக்கு எப்படி எதிரியாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

'புரதம் மிகுந்தது' என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது?

கைநிறையப் பாதாம் போன்ற கொட்டைகளைப் போட்டுவிட்டால் புரதம் மிகுந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒரு கறாரான அளவுகோலைத் தருகிறது: ஓர் உணவின் மொத்தக் கலோரியில் குறைந்தது 20 விழுக்காடு புரதத்திலிருந்து வந்தால்தான் அதன் உறையில் 'அதிகப் புரதம்' என்று அச்சிடலாம். வீட்டில் செய்வதற்கு எந்தச் சட்டமும் கிடையாது என்றாலும், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க இந்த அளவுகோல் உதவும்.

ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி. 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதமும் 580 கலோரியும் இருக்கின்றன. எனவே புரதத்தின் பங்கு 15 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருந்தும், எண்ணெய்ப்பசை மிகுதியால் அதன் பங்கு 18 விழுக்காட்டுக்கு அருகில் நின்றுவிடுகிறது. தோல் நீக்கிய பூசணி விதையில் ஏறத்தாழ 30 கிராம் இருப்பதால் அது 20-ஐத் தாண்டிவிடுகிறது. எண்ணெயில்லாமல் வறுத்த கொண்டைக்கடலையில் 20 கிராம்தான் என்றாலும், கொழுப்பு குறைவு என்பதால் அதுவும் தாண்டிவிடுகிறது. வறுத்த சோயாவோ 36 கிராமுக்குக் குறையாத புரதத்துடன் 30 விழுக்காட்டுக்கு மேல் போய் நிற்கிறது. ஆகவே, கொட்டைகள் கொழுப்பையும் சுவையையும் தருபவை. புரதத்தைச் சுமப்பவை பயறு வகைகளே. கலவையின் அடித்தளம் கடலையும் சோயாவுமாக இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒன்பது நாளும் சுண்டல் செய்து வழங்கும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல.

அப்படியானால் என்னென்ன, எவ்வளவு எடுத்துக்கொள்ளவேண்டும்?

எண்ணெயில்லாமல் வறுத்த கொண்டைக்கடலை 200 கிராம், வறுத்த சோயா 150 கிராம், வறுத்த வேர்க்கடலை 100 கிராம், தோல் நீக்கிய பூசணி விதை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 70 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் ஆகியவை போதும். மசாலாவுக்குப் பட்டைத்தூள் இரண்டு தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, அப்போதே துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரைக்கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கடைசியில் சேர்ப்பதற்கு உலர்திராட்சையோ வேறு உலர்பழமோ 60 கிராம்.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 685 கிராம் வரும். அதில் புரதம் 154 கிராம் அளவுக்கு இருக்கும்; அதாவது 100 கிராமுக்கு 22 கிராமுக்குச் சற்று மேல், கலோரியில் 20 விழுக்காடு. கோட்டைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். சோயாவில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் பாதாமைப் போட்டால் 19-க்கு இறங்கிவிடுகிறது.

பாதாமும் பீக்கானும் இல்லாமல் அந்த வாசனை வருமா?

வரும், ஏனெனில் வாசனை மசாலாவிலும் வறுபடும் சர்க்கரையிலும் இருக்கிறது. பீக்கானில் 100 கிராமுக்கு 9 கிராம் அளவுதான் புரதம்; விலையோ எட்டாத உயரத்தில். விருந்தினர் வரும் நாளில் அழகுக்கு ஒரு கைப்பிடி பாதாம் போடுவதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. மேல்நாட்டுச் செய்முறைகளில் வரும் சோளத் தானியச் செதில்கள், உப்பு பிஸ்கட் துண்டுகள், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றை மட்டும் நான் சேர்ப்பதில்லை. அவை கலவையைப் பெருக்கிக் காட்டும். புரதத்தை நீர்க்கச் செய்யும்.

ஓவனில் செய்யும் முறை என்ன?

ஓவனை 130 பாகை செல்சியசில் சூடாக்கிக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் வெள்ளைக்கருவையும் தண்ணீரையும் ஊற்றி, மேலே நுரை கட்டும் வரை முள்கரண்டியால் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் நிற்கும் நுரையாக ஆகவேண்டிய தேவையில்லை. கடலை, சோயா, வேர்க்கடலை, விதை எல்லாவற்றையும் அதில் கொட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஈரப்பளபளப்பு ஏறும்வரை புரட்டுங்கள். சர்க்கரை, மசாலா, உப்பு ஆகியவற்றைத் தனியே ஒன்றாகக் கலந்துவைத்து, அதை மூன்று தவணையாகத் தூவிப் புரட்டவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பட்டைத்தூள் ஒரே இடத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு தட்டுகளில் எண்ணெய்த்தாள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஒற்றை அடுக்காகப் பரப்பி, 40 முதல் 45 நிமிடம் வரை வையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுவதோடு, மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்றவேண்டும். முதல் முறை கிளறும்போது எல்லாம் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். கெட்டுவிட்டதோ என்று தோன்றும் கட்டம் அதுதான். இரண்டாம் முறை கரண்டியில் ஒட்டுவது குறைந்து, மூன்றாம் முறை தட்டில் சரசரவென்று உருளும் ஓசை கேட்கும். சூடாக இருக்கும்போது சற்று மெதுவாகத் தெரிந்தாலும் ஆறியதும் மொறுமொறுப்பு வந்துவிடும் என்பதால், பல்லில் கடித்துப் பார்த்து நேரத்தை நீட்டவேண்டாம். பூசணி விதை பழுப்பேறினால் கசக்கும்.

வறுத்த சோயா கடையில் கிடைக்கவில்லை. வீட்டில் வறுக்க முடியுமா?

சீன மளிகைக் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த சோயா மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி மேலீரம் போக உலர்த்துங்கள். பிறகு 175 பாகையில் 40 முதல் 50 நிமிடம் வரை, அடிக்கடி கிளறி, உள்ளே ஈரமில்லாமல் முறியும் பக்குவத்துக்கு வறுக்கவேண்டும். 150 கிராம் வறுத்த சோயாவுக்கு ஏறத்தாழ அதே எடையில் உலர்சோயாவைச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் சரியாக இருக்கும். அரைகுறையாக வறுத்ததைச் சாப்பிடக் கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது. அது சூட்டில்தான் அழியும்.

கொண்டைக்கடலையை நானே வேகவைத்து ஓவனில் வறுக்கலாமா?

வறுக்கலாம், அன்றைக்கே தின்றுவிடுவதாக இருந்தால். வெந்த கடலையின் நடுவில் தங்கிவிடும் ஈரம் மறுநாள் மேலே வந்து எல்லாவற்றையும் மெத்தென்று ஆக்கிவிடும். கடைகளில் சூட்டு மணலில் வறுத்து விற்கும் கடலை உள்ளும் புறமும் உலர்ந்தது. இந்தக் கலவைக்கு அதுவே பொருத்தம். அது இல்லையென்றால் பொட்டுக்கடலையும் ஆகும். ஈப்போ புந்தோங் பகுதித் தமிழர்கள் பெயர் வாங்கித் தந்த கச்சாங் பூத்தே என்னும் கடலைக் கொறிப்பு வகைகளில் எண்ணெயில் பொரித்தவையும் உப்போ காரமோ ஏற்றியவையும் உண்டு என்பதால், அவற்றை வாங்கும்போது 'பொரித்ததா, வறுத்ததா' என்று கேட்டு வாங்குங்கள்.

புரட்டாசியில் முட்டை சேர்ப்பதில்லை. மாற்று என்ன?

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கொண்டைக்கடலை வேகவைத்த நீர். சுண்டலுக்குக் கடலை வேகவைக்கும் நாளில் அந்த நீரைக் கொட்டிவிடாமல் தனியே எடுத்து, விரலில் வழவழப்புத் தெரியும்வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள். வெள்ளைக்கருவுக்கும் தண்ணீருக்கும் பதிலாக அதில் மூன்று மேசைக்கரண்டி போதும். அதுவும் நுரைக்கும், சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். கடலையை உப்புப் போட்டு வேகவைத்திருந்தால் மசாலாவில் உப்பை விட்டுவிடவேண்டும். கடலையின் வாசம் தெரியுமோ என்ற கவலை வேண்டாம், பட்டை அதை மூடிவிடும்.

இரண்டாவது, சர்க்கரையைப் பூக்கவைக்கும் முறை. ஓவன் இல்லாதவர்களுக்கும் இதுவே வழி. அடிகனமான குவாலியில் 100 கிராம் சர்க்கரையையும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரையும் கொதிக்கவிட்டு, குமிழிகள் பெரிதாகிக் கெட்டிப்பட்டதும், வெதுவெதுப்பாக வறுத்துவைத்த கடலை, சோயா, விதைகளைக் கொட்டி, அடுப்பைத் தணித்து, கைவிடாமல் கிளறவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் பாகு வெளுத்து, மணல்போல் பூத்து ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் மசாலாவைத் தூவி இறக்கிவிடுங்கள். மேலும் சூடாக்கினால் பூத்தது மறுபடியும் உருகிவிடும். சர்க்கரை கூடுவதால் புரதத்தின் பங்கு 19 விழுக்காட்டுக்கு இறங்கும். விரதக் காலத்தில் ஒரு விழுக்காட்டுக்காக யாரும் வருந்தவேண்டியதில்லை.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

130 பாகையில் 15 முதல் 20 நிமிடம், சிறுசிறு ஈடாக, நான்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கிச் செய்யலாம். பூசணி விதை காற்றில் பறந்து மேலே உள்ள சூட்டுக்கம்பியில் ஒட்டக்கூடும் என்பதால் விதையைத் தனியாக வறுத்துக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் குலா மலாக்கா, கருப்பட்டி, தேன் சேர்த்தால் என்ன?

சுவைக்கு அவைதாம் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கர்கள் மேப்பிள் பாகில் தேடும் புகைமணத்தை நல்ல குலா மலாக்கா இன்னும் ஆழமாகத் தரும். ஆனால் பனை, தென்னை வெல்லங்களிலும் தேனிலும் குளுக்கோசும் பிரக்டோசும் இருப்பதால், அவை காற்றிலுள்ள ஈரத்தை வெள்ளைச் சர்க்கரையைக் காட்டிலும் வேகமாக இழுத்துக்கொள்ளும். மழைக்கால மாலையில் சன்னல் திறந்திருக்கும் சமையலறையில், தேன் பூசிய கடலை ஒரு மணி நேரத்துக்குள் விரலில் ஒட்டத் தொடங்கிவிடும். அதனால் 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையும், நன்றாக உலர்ந்த குலா மலாக்காவைத் துருவியது 20 கிராமும் என்று கலந்துகொள்வது என் வழக்கம். தேனை இதில் சேர்க்கவே வேண்டாம். 'வெல்லம் உடம்புக்கு நல்லது' என்ற வாதத்தையும் இங்கே இழுக்கவேண்டாம். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை வெல்லமும் சர்க்கரைதான்.

புரதத்தூளைக் கலந்தால் புரதம் இன்னும் கூடுமே?

கணக்குப்படி கூடும். ஆனால் வெள்ளைக்கருவின் ஈரத்தை அந்தத் தூள் முதலில் உறிஞ்சிக்கொள்வதால் பூச்சு திட்டுத்திட்டாக ஒட்டி, கடித்தால் மாவாகக் கரகரக்கும். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி அதில் தூளைக் கலந்து பூசும் மேல்நாட்டு முறை குளிர்நாட்டுக்குச் சரி. கோலாலம்பூரில் காருக்குள் அரை மணி நேரம் வைத்தால் அது மீண்டும் பாகாகிவிடும். புரதம் கூடவேண்டுமானால் சோயாவைக் கூட்டுங்கள்.

உலர்பழத்தில் எது பொருத்தம்?

உலர்ந்த ஆப்பிளும் கிரான்பெரியும் மேல்நாட்டு வழக்கம். பினாங்கில் இருப்பவர்களுக்கு அவற்றைவிடப் பொருத்தமான ஒன்று கையருகே இருக்கிறது: ஜாதிக்காய்ப் பழத்தின் சதையைச் சர்க்கரையிட்டு உலர்த்திய தித்திப்பு. கொட்டையில் உள்ள அதே மணம் மென்மையாக, புளிப்போடும் சிறிய காரத்தோடும் சதையில் இருக்கும். சௌராஸ்தா சந்தையின் ஊறுகாய்க் கடைகளில் அது பாகில் ஊறிய வகையாகவும், சீவி உலர்த்திய வகையாகவும் கிடைக்கிறது. பாகில் ஊறியதை வாங்கிவிடாதீர்கள். உலர்ந்த சீவலைக் கத்தரிக்கோலால் பட்டாணி அளவுக்கு நறுக்கிச் சேர்த்தால், எங்கோ ஒரு வாயில் மட்டும் சட்டென்று அந்தப் புளிப்பு வந்து போகும். கலவை திகட்டாமல் இருப்பதற்கு அது பெரிய உதவி.

எந்தப் பழமானாலும் ஓவனில் வைக்கக் கூடாது. மற்றவை முழுவதும் ஆறிய பிறகே சேர்க்கவேண்டும்.

இரண்டே நாளில் நமுத்துவிடுகிறது. ஏன்?

மிகுதியாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சூடு முழுவதும் அடங்கும் முன்பே டின்னில் போட்டு மூடியிருப்பீர்கள். உள்ளே எழும் ஆவி மூடியில் படிந்து மறுபடியும் கலவையிலேயே இறங்கும். இதற்கு நேர்மாறாக, ஆறட்டும் என்று இரவு முழுவதும் மேசையில் திறந்துவைப்பதும் தவறு. தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் 30 முதல் 40 நிமிடம் வைத்தாலே ஆறிவிடும்; கையில் சூடு தெரியாத உடனே மூடிவிடவேண்டும்.

இன்னொன்று, உலர்பழம். திராட்சையில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல வறுத்த கடலைக்கு மாறும்; கடலை மெத்தென்றாகும்போது திராட்சை கல்லாகும். எனவே பழத்தைத் தனிப் புட்டியில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்குத் தேவையான அளவை மட்டும் கலப்பதே சிறந்தது. மூன்றாவது, நாளுக்குப் பத்து முறை திறக்கப்படும் பெரிய டின். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தடுக்க முடியாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறிய புட்டிகளில் பிரித்து வைத்துவிட்டால், ஒன்று நமுத்தாலும் மற்றவை பிழைக்கும்.

நமுத்ததைத் தூக்கி எறியவேண்டாம். பழத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு 120 பாகையில் பத்து நிமிடம் காட்டி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? குளிர்பெட்டியில் வைக்கலாமா?

பழம் சேர்க்காமல், காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியிலோ இறுக்கமான மைலோ டின்னிலோ வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதன்பின் ஈரத்தைவிடச் சிக்கு வாடையே சிக்கல்; பூசணி விதையின் எண்ணெய்தான் முதலில் கெடும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நீடிக்கும். ஆனால் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கடலைமேல் வியர்வையாகப் படியும். புட்டி அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவேண்டும்.

மசாலாவைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாமா?

கிராம்பையும் ஜாதிக்காயையும் கூட்டவேண்டாம். கிராம்பு சற்று மிஞ்சினாலும் கலவை முழுவதும் பல் மருத்துவர் அறைபோல் மணக்கும். ஜாதிக்காய் சமையல் அளவில் தீங்கற்றது. ஆனால் ஒருவர் 5 கிராம் அளவுக்கு உட்கொண்டால் தலைச்சுற்றல், படபடப்பு, மனக்குழப்பம் போன்ற நச்சுக் குறிகள் தோன்றலாம். இங்கே சொன்ன கால் தேக்கரண்டி, மொத்தக் கலவைக்கே ஏறத்தாழ அரை கிராம்தான்.

பட்டையில் இரண்டு வகை உண்டு. நம் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, கடினமான பட்டை காசியா வகை. அதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் அதிகம் சேர்த்துக்கொண்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது அது. மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையாலேயே நொறுங்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. எப்போதாவது செய்பவர்களுக்கு எதுவும் சரி. வீட்டில் இது தினக் கொறிப்பாகிவிட்டால் இலங்கைப் பட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். அதில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 135 கலோரியும் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். ஆக, இந்தக் கைப்பிடி மாலைநேரப் பசிக்கு உதவுமே தவிர உணவுக்கு ஈடாகாது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையும் கொட்டையும் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு, அவர்களுக்கு வேண்டாம். வேர்க்கடலை, சோயா, முட்டை ஆகியவற்றில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது. அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ எடுத்துச் சென்று பகிர்வதாக இருந்தால் இவை சேர்ந்திருப்பதைப் புட்டியின்மேல் எழுதிவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைப் பாதியாக்கி, பழத்தை விட்டுவிடலாம்.

பொருள்களை எங்கே வாங்குவது, எதைக் கவனித்து வாங்குவது?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும், கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளிலும் உள்ள மளிகைக் கடைகளில் கடலை வகைகளும் மசாலாவும் கிடைக்கும். ஜாதிக்காயைப் பொடியாக வாங்காமல் முழுக்கொட்டையாக வாங்கித் துருவுங்கள். பொடியின் மணம் விரைவில் போய்விடும். வேர்க்கடலையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நம் தட்பவெப்பத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வைக்கலாமா?

தாராளமாக. இறைச்சி சார்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. மார்ஷ்மெல்லோவைத் தவிர்ப்பதால் ஜெலட்டின் பற்றிய ஐயமும் எழாது. முட்டை உண்ணாத விருந்தினரும் வருவார்கள் என்பதால் கொண்டைக்கடலை நீரில் செய்த வகையை வைப்பது பொருத்தம். அளவை இரட்டிப்பாக்கும்போது தட்டுகளையும் நான்காக்கி இரண்டு ஈடாகச் சுடவேண்டும். இடம் போதவில்லை என்று ஒரே தட்டில் குவித்தால் அடியில் உள்ளவை வறுபடாமல் புழுங்கிவிடும்.

டின்னின் அடியில் தங்கும் மசாலாச் சர்க்கரைத் துகளை என்ன செய்வது?

தயிரிலோ காலை ஓட்ஸ் கஞ்சியிலோ தூவிச் சாப்பிடலாம். தேத்தாரேயில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது சீனிப்பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.